முதற் பந்தி தேனீக்கு

அக்கா சோறு போடுகிற ஒழுங்கு பலருக்குப் பிடிக்காது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை.

நான் இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்த புதிதில், டிசம்பர் குளிரில், மாதா திருநாள் வந்தது. நான் சைவ சமயத்தவள். ஆனாலும் தமிழ்ச் சனம் கூடுகிற இடம் அதுதான் என்றபடியால் எல்லோரும் போவோம். பூசை முடிந்து மண்டபத்தில் காகிதத் தட்டு வைத்துப் பந்தி போட்டார்கள். நடுவில் தேவாலயத்துச் சுவாமியார் இருந்தார். சங்கத்துப் பெரிய மனிதர்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் இருந்தார்கள். குட்டையாக, அகலமாக, ஆம்பிளைக் கோட்டு ஒன்றின் கையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒரு மனுசி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் நிற்கவில்லை. சுவாமியாரைத் தாண்டி, சங்கத்தைத் தாண்டி, பின்கதவால் முற்றத்துக்குப் போய், அங்கே கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்த பெடியன்களுக்கு முன்னால் சட்டியை இறக்கினார்.

சங்கத்து ஆள் ஒருவர் பின்னாலேயே ஓடினார்.

"அக்கா, என்ன செய்யிறியள்? அங்கை சுவாமி இருக்கிறார்."

"ஓம், கண்டனான். அவர் இருக்கிறார். இவை விடியத் துவங்கி நிக்கினம்."

"சனம் என்ன நினைக்கும்?"

"பசிக்குதெண்டு நினைக்கும். இந்தா வாறன் எண்டு சொல்லுங்கோ."

சுவாமியார் இத்தாலிக்காரர். ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. பெரியவர்களுக்கு முதல் இலை வைக்கத் தெரியாத மனுசி எந்த ஊரோ என்று நினைத்தேன். மன்னார்ப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. நான் யாரையும் லேசில் புகழ்கிறவள் இல்லை. என்னோடு பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மனுசியைப் புகழ எனக்குச் சில வருடம் எடுத்தது.

அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில் என் அறைக்குக் கீழ்த்தளத்தில் அவர் இருந்தார். அந்த ஒடுங்கிய சந்தில் ஒரு வீட்டுச் சன்னலால் கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சன்னலில் உப்பு வாங்கலாம். அக்கா ஒரு நோயாளிச் சிஞ்ஞோராவை, ஒரு இத்தாலிக்கார அம்மாவை, பார்த்துக்கொண்டார். அந்தக் கோட்டு சிஞ்ஞோராவின் செத்துப்போன புருசனுடையது. அதன் ஒரு பையில் எப்போதும் பச்சை மிளகாய், மற்றப் பையில் ஊசிகள். வேலை முடிந்து வந்தால், தனியாக இருக்கிற பெடியன்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்பார். தட்டுக் கழுவுகிறவன், படி துடைக்கிறவன், சந்தையில் பெட்டி தூக்குகிறவன் எல்லோரும் அங்கேதான்.

நானும் படி துடைத்தேன். அந்த வேலையை எவராவது குறைவாகக் கதைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். என் கையால் துடைத்த பளிங்குப் படியில் முகம் பார்க்கலாம். ஒருநாள் முழங்கால் நோவோடு ஏறி வரும்போது கீழ்க்கதவு திறந்திருந்தது.

"பிள்ளை, உள்ளை வா."

"குளிச்சிட்டு வாறன் அக்கா."

"குளிப்பு எங்கையும் ஓடாது. சோறு ஆறும். இரு."

அங்கே ஏற்கெனவே விருந்தாளிகள் இருந்தார்கள். ரோமிலிருந்து வந்த அவருடைய சொந்தக்காரர்கள். அவர்களுக்கு வெறும் தேத்தண்ணீர். எனக்குச் சோறும் கணவாய்க் கறியும். அவர்கள் பார்க்கப் பார்க்க நான் சாப்பிட்டேன். அக்கா அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இவ ஆறு மாடி துடைச்சிட்டு வாறா. நீங்கள் ரயிலிலை இருந்து வந்தனியள்."

அக்காவின் மனுசன் கட்டிட வேலையில் விழுந்து முதுகை உடைத்தவர். நல்ல மனிதர், கட்டிலில் இருந்து பகிடி சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த வீட்டில் இரண்டாம் பந்திதான். எனக்கு அது நெஞ்சைக் குத்தியது. புருசனை, அதுவும் ஏலாத மனிதரை, யாராவது காக்க வைப்பார்களா? ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்குக் கோபம் வாறேல்லையோ?"

"வரும். அதாலைதான் வெங்காயம் உரிக்கத் துவங்கினனான்," என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி வெங்காயம் இருந்தது. "நாளைக்குப் பார், நானும் முதற் பந்தி."

மறுநாள் போய்ப் பார்த்தேன். முதல் தட்டு அவருக்குத்தான் போனது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா அதைக் கண்டும் காணாதமாதிரி அகப்பையைத் துடைத்தார். பிற்காலத்தில் அவரைக் கட்டிலில் இருந்து எழுப்பியது எந்த வைத்தியர் என்று கேட்டால் நான் அந்த வெங்காய வாளியைத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லா நேரமும் இந்தக் குணம் இனிக்காது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடியற்காலையே வரிசையில் நிற்க வேண்டும். நானும் அவரும் முன்னுக்குத்தான் நின்றோம். பின்னால் நிற்கிற ஒருவன் "வேலைக்குப் பிந்துது அக்கா" என்பான். "நீ போ" என்பார். இன்னொருத்தி வருவாள், "நீயும் போ." கடைசியில் கந்தோர்ச் சன்னல் பூட்டும்போது வெளியில் நின்றது நாங்கள் இரண்டு பேரும்தான்.

"நானும் வேலைக்காரிதான்! என்னை ஏன் பின்னுக்குத் தள்ளினியள்?" என்று நடுத்தெருவில் சத்தம் போட்டேன்.

"உனக்கு இண்டைக்கு லீவு எண்டு நீதானே சொன்னனீ," என்றார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறும் நிலம் இருந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடு. அரைச்சுவர் மட்டும் நின்றது. சனம் குப்பை கொட்டும். நிலத்துக்காரர் பல்லாரோ சந்தையில் எலுமிச்சை விற்கிற கிழவர். நாங்கள் பத்ரோனே என்போம். அக்கா அவரிடம் கேட்டு அந்தக் குப்பையை அள்ளிவிட்டுப் பூசணியும் பாகலும் போட்டார். பாகற்காயை வருடக்கணக்காகக் காணாத பெடியன்களுக்கு ஒரு கறி வைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

கொடி படர்ந்தது. பூத்தது. ஆனால் பிஞ்சு பிடிக்கவில்லை. குண்டுமணி அளவில் மஞ்சளாகி வெம்பி விழுந்தது. சுற்றிலும் கல்லும் சீமெந்தும். ஒரு வண்டு இல்லை, தேனீ இல்லை. அக்கா விடிய எழும்பி ஆண்பூவைப் பிய்த்துப் பெண்பூவில் தடவிக்கொண்டு திரிந்தார். அப்படித் தடவியதில் நாலைந்து காய் வந்தது.

ஒருநாள் நாரி நோவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எத்தினை நாளைக்குப் பிள்ளை நான் வண்டின்ரை வேலையைச் செய்யிறது? வேலைக்கு ஆள் கூப்பிட வேணும்."

"கூப்பிட்டால் வருமே அக்கா?"

"சோறு போட்டால் வரும். சும்மா ஆர் வருவினம்?"

தேனீக்கு என்ன சோறு என்று அவர் கண்டுபிடித்தது பஸ்ஸில். சிஞ்ஞோராவை மலைப்பக்கத்தில் இருக்கிற அவவின் சகோதரி வீட்டுக்குக் கூட்டிப் போன நேரம், வழியில் ஒரு மலைச்சரிவு முழுக்கச் சிவப்பாக இருந்ததாம். பஸ் நின்றதும் இரைச்சல் கேட்டதாம். எஞ்சின் நின்ற பிறகும் எஞ்சின் ஓடுகிறது போல. அவ்வளவும் தேனீ. அந்தச் செடிக்குப் பெயர் சுல்லா. அந்த மண்ணிலேயே தானாக முளைக்கிற காட்டுப்பூ, மாட்டுக்கும் போடுவார்கள். நான் பிறகு பார்த்தேன். அகத்திப் பூவைச் சின்னதாக்கி, சிவப்புச் சாயத்தில் தோய்த்து, கதிரில் அடுக்கினால் எப்படி, அப்படி. கோடையில் மறுபடி போனபோது முள்ளு முள்ளான காய்களைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்தார்.

முதல் மழையோடு விதைத்தார். முளைத்தது. ஆனால் சோகை பிடித்த பிள்ளை போல மஞ்சளாக நின்றது. கோடை பிறந்தும் ஒரு சாண் வளரவில்லை.

பத்ரோனே வந்து பார்த்துச் சிரித்தார். அக்காவை அவர் 'பூசணிச் சிஞ்ஞோரா' என்றுதான் கூப்பிடுவார். "சுல்லாவா? இந்த இடிஞ்ச வீட்டிலா? என்ரை அப்பனிட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அது விளைஞ்ச நிலத்து மண்ணைக் கொண்டுவந்து கலக்காமல் அது பிடிக்காது. மனிசனை ஏமாத்தலாம், சுல்லாவை ஏமாத்த ஏலாது."

பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "என்ரை மருமகன் இதிலை கார் விடவேணும் எண்டு நிக்கிறான். வாடகைக்கு ஆள் இருக்காம். அடுத்த மே மாதம் வந்து பார்ப்பன். பார்க்கிறதுக்கு ஏதாவது இருந்தால் நிலம் உம்மடை கையிலை. இல்லாட்டிக் கார்."

அக்காவுக்குக் கேட்டது பாதிதான். "மண் கலக்கவேணுமாம்," என்றார் என்னிடம். "அதைச் சொல்ல இவ்வளவு சிரிப்பு."

அந்தப் புரட்டாதியில் என்னையும் மலைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த ஒரு சுல்லா நிலத்தில், நிலத்துக்காரியிடம் கேட்டு, இரண்டு பை மண் அள்ளினோம். பெட்டியில் ஆடை கொண்டுவருகிற மாதிரி மண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பலெர்மோவில் இறங்கியதும் இரண்டு பொலிஸ்காரர் மறித்தார்கள். கறுத்த மனுசிகள் இரண்டு பேர், பாரமான பை. சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"பையிலை என்ன?"

"மண்," என்றார் அக்கா.

"மண்ணுக்குள்ளை என்ன?"

"மண்."

இளையவன் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்து உதறப் போனான். அக்கா அவனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பொலிஸ்காரனின் கையைப் பிடிக்கிறார்!

"உதறாதையும். பைக்குள்ளை தட்டும்," என்றார்.

அவன் மூத்தவனைப் பார்த்தான். மூத்தவன் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான். அந்தப் பெடியன் கையைப் பைக்குமேல் வைத்து, விரல் விரலாக மண்ணைத் தட்டிவிட்டான். அக்கா கோட்டுப் பையில் கைவிட்டு அவனுக்கு ஒரு பச்சை மிளகாய் கொடுத்தார். வேறொன்றும் அதில் இருக்கவில்லை.

மண்ணைக் கலந்து மறுபடி விதைத்தோம். இந்த முறை பிடித்தது. மாசியில் நிலம் கரும்பச்சையாக இருந்தது. ஏப்ரலில் முழங்கால் உயரம். மே மாதம் பிறக்க, முதல் கதிர் சிவந்தது. அரைச்சுவரின் ஓட்டைகளில் இருந்து எங்கள் கண்ணுக்கு அதுவரை படாத சின்ன வண்டுகள் வெளியே வந்தன. பிறகு தேனீ வந்தது. எங்கிருந்து வந்ததோ, யார் சொல்லி வந்ததோ தெரியாது.

பூ என்று கண்டால் எங்கள் பெண்கள் சும்மா இருப்பார்களா? மேல்வீட்டு ராணி ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு வந்தாள். ராணி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சாமிக்கு விளக்கு வைக்காமல் தேத்தண்ணீர் குடிக்க மாட்டாள்.

"அக்கா, வண்டு வாய் வைக்கமுதல் நாலு பூ ஆயட்டே? பிள்ளையாருக்கு."

எங்களுக்கு அதுதான் முறை. வண்டு தொட்ட பூ எச்சில். சாமிக்கு விடியமுதல் ஆய்ந்த பூதான் ஆகும். நானும் ஊரில் அப்படித்தான் ஆய்ந்தேன்.

"பிள்ளையார் வேலைக்குப் போறாரே?" என்றார் அக்கா.

"என்ன கதை அக்கா இது!"

"இல்லை, கேக்கிறன். அவர் இருந்த இடத்திலை இருக்கிறார். இது எங்கையிருந்தோ பறந்து வருது. அது சாப்பிட்டு முடியட்டும். பிறகு பிள்ளையாருக்கும் குடு, மாதாவுக்கும் குடு. எங்கடை மாதாவுக்கே நான் இன்னும் வைக்கேல்லை."

ராணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். ஆனால் அன்று பூ ஆயவில்லை.

பத்ரோனே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மருமகனோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். சனி இரவு அக்காவுக்குச் சிஞ்ஞோரா வீட்டில் தங்கல். காலையில் நான் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சந்து திரும்பும் இடத்தில் அவர் நின்றார். "நிலம் போனால் இந்தப் பெடியங்களுக்கு நான் பாகற்காய்க்கு எங்கை போறது பிள்ளை?" என்றார். அந்த மனுசி பயந்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

நிலத்துக்கு வந்தோம். பச்சை. எல்லாம் பச்சை. ஒரு சிவப்பு இல்லை.

ராணியும் இன்னும் மூன்று பெண்களும் கூறைச்சேலை உடுத்து வரிசையாக நின்றார்கள். தட்டில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு. அதற்கு நடுவில் என் கை மொத்தத்தில் ஒரு சிவப்பு மாலை, பாம்பு போலச் சுருண்டு கிடந்தது.

"அக்கா, விடியமுதலே வந்து ஆய்ஞ்சு கட்டினனாங்கள்," என்றாள் ராணி. முகம் பூரித்துப்போய் இருந்தது. "ஒரு வண்டு தொடேல்லை. சாமிக்கெண்டால் நீங்கள் சொன்னதைக் கேக்கலாம். நிலம் தாற மனிசன் வரேக்கை கழுத்து வெறுமையாய் நிக்கலாமே? மாலையைக் கண்டால் அந்தாள் மாட்டன் எண்டு சொல்லுமே?"

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. வருகிறவருக்கு மாலை போடாமல் எந்தத் தமிழ்ச் சனம் காரியம் தொடங்கியது? அக்காவுக்கு நிலம் கிடைக்க வேண்டும் என்று நித்திரை முழித்துக் கட்டிய மாலை அது. பார்க்க வருகிறவர் பார்ப்பதற்கு வைத்திருந்த ஒரே பொருளும் அந்தப் பூதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ராணியின் விரல்களைப் பார்த்தார். நூல் அறுத்துச் சிவந்து போயிருந்தது. "எல்லாரும் ஏதாவது சாப்பிட்டியளோ?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் பத்ரோனே வந்துவிட்டார். பின்னால் மருமகன், கையில் அளவு நாடா. மருமகன் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "புல்லு, மாமா. வெறும் புல்லு," என்றான். நாடாவை இழுக்கத் தொடங்கினான்.

ராணி மாலையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனாள். கிழவரும் சிரித்துக்கொண்டே குனிந்து கழுத்தை நீட்டினார். அக்கா குறுக்கே வந்து மாலையைக் கையில் வாங்கினார்.

"பொறு. முதற் பந்தி இன்னும் முடியேல்லை."

கிழவரின் கழுத்து நீட்டினபடி நின்றது. அக்கா மாலையைப் பூசணிப் பந்தலின் குறுக்குத் தடியில் நீளமாக, ஒவ்வொரு கதிராகப் பிரித்துத் தொங்கவிட்டார். பிறகு ஒரு எலுமிச்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

"இருங்கோ பத்ரோனே. வேலைக்காரர் வருவினம்."

"யார் வருவினம்?" என்றான் மருமகன்.

"ஸ்ஸ்," என்றார் கிழவர். இருந்தார்.

நாங்களும் நின்றோம். தூரத்தில் சந்தைக்காரர் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. தேனீ ஒன்று வந்தது. வழக்கமாகப் பூ இருந்த இடத்துக்கே போனது. வெறும் காம்பைச் சுற்றியது, அடுத்த காம்புக்குப் போனது, திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து சட்டி கவிழ்ந்து கிடப்பதைக் கண்ட பெடியன் மாதிரி. ராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, தேடுது அக்கா," என்றாள் மெதுவாக.

பிறகு அது தடியைக் கண்டுகொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. சுவர் ஓட்டைக்குள் இருந்து சின்னவைகள். கொஞ்ச நேரத்தில் மாலை இரையத் தொடங்கியது. மருமகன் நாடாவை விட்டுவிட்டான். அது தானாகச் சுருண்டு அவன் கைக்குள் போய் அடித்தது.

கிழவர் காதைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். அவர் மலைப்பக்கத்து ஊரில் பிறந்தவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். கனநேரத்துக்குப் பிறகு மருமகனைப் பார்த்து, "காரை வேறை எங்கையும் கொண்டுபோய் விடு," என்றார். அவ்வளவுதான். எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. அந்த மனிதர் செத்துப்போகும்வரை அந்த நிலத்தில் ஒரு சில்லு ஏறவில்லை.

அந்த ஆனியில் பூசணி பிடித்த பிடியில் பந்தல் சரிந்தது. பாகற்காய்க் கறியை வாயில் வைத்துவிட்டு ஒரு பெடியன் தட்டைக் கீழே வைத்து அழுதான். "கைக்குது" என்று சாட்டுச் சொன்னான். அக்காவும் மனுசனும் பிறகு வேறு நாட்டில் இருக்கிற மகளிடம் போய்விட்டார்கள். நான் இங்கேயே இருக்கிறேன். இன்றைக்கும் என் வீட்டில் யார் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், குழாய் திருத்த வந்தவன் அங்கே நின்றால் முதல் தேத்தண்ணீர் அவனுக்குத்தான். சொந்தங்கள் குறை சொல்லுகிறார்கள். சொல்லட்டும்.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்குக் கண்ணில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வெயில் ஏறி, இரைச்சல் அடங்கிய பிறகு, அக்காவே அந்த வாடின மாலையைக் கழற்றி, ராணியிடம் கொடுத்து, "இப்பப் போடு" என்றார். ராணி போட்டாள். பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். கிழவர் பெருமையாக எழும்பப் போனார். அவருடைய நெஞ்சுக்கு நேரே, ஒரு கதிருக்குள் தலையை விட்டபடி, ஒரு தேனீ இன்னும் இருந்தது.

கிழவர் அரைவாசி எழும்பினவர் அப்படியே இருந்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

"நான் இப்ப எழும்பலாமோ சிஞ்ஞோரா?" என்று கேட்டார்.

அக்கா குனிந்து பார்த்தார்.

"பொறுங்கோ," என்றார். "அவ சாப்பிடுறா."